யானையின் மண்டைக்குள் குண்டு நேராகப் போவது எப்படி?

"ஆப்பிரிக்காவில் யானை வேட்டையாடிய டபிள்யூ.டி.எம். பெல் 7 மி.மீ. துப்பாக்கியாலேயே நூற்றுக்கணக்கான யானைகளைச் சுட்டாராமே? அப்படியிருக்க, யானைக்கும் எருமைக்கும் .375 அங்குலத்துக்கு (9.5 மி.மீ.) குறைந்த காலிபரை, அதாவது குண்டு விட்டத்தை, பல ஆப்பிரிக்க நாடுகள் ஏன் அனுமதிப்பதில்லை?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். வேட்டை சரியா தவறா என்பது வேறு விவாதம். கேள்வி இயற்பியல் சார்ந்தது என்பதால் அதற்கு மட்டும் பதில்.

முதலில் ஒரு மூடநம்பிக்கையை ஒதுக்கிவிடலாம். பெரிய துப்பாக்கி விலங்கைத் தூக்கி எறிந்துவிடும் என்பார்கள். .470 நைட்ரோ எக்ஸ்பிரஸ் என்ற பெரிய தோட்டாவின் குண்டு 32.4 கிராம், வேகம் நொடிக்கு ஏறத்தாழ 655 மீட்டர். பெருக்கினால் உந்தம் 21 கி.கி. மீ/நொடி. 700 கிலோ எருமை அந்த உந்தம் முழுவதையும் வாங்கிக்கொண்டாலும் நொடிக்கு 3 செ.மீ. வேகம்தான் பெறும். சுடுபவரின் தோளுக்கும் இதே உந்தம், வெடிவாயுவின் பங்கோடு சேர்ந்து வருகிறது. விலங்கை வீழ்த்துவது மூளை, தண்டுவடம், இதயம் ஆகியவற்றில் விழும் துளை மட்டுமே. ஆண் யானையை நெற்றிக்கு நேராகச் சுட்டால், துதிக்கையின் அடித்தசையையும் தேன்கூடு போன்ற மண்டை எலும்பையும் கடந்து அரை மீட்டருக்கு மேல் போனால்தான் குண்டு மூளையைத் தொடும்.

ஆழத்தைத் தீர்மானிப்பது எடையை விட்டத்தின் வர்க்கத்தால் வகுத்துக் கிடைக்கும் எண். இங்கேதான் பெல்லின் ரகசியம் இருக்கிறது. அவருடைய 11.2 கிராம் 7 மி.மீ. குண்டுக்கும் .375-இன் 19.4 கிராம் குண்டுக்கும் இந்த எண் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆழத்தில் பெல் ஒன்றும் குறைந்துபோகவில்லை.

ஆனால் குண்டு வளையாமல், கவிழாமல் போனால்தான் இந்தக் கணக்கு செல்லும். எனக்குப் பிடித்த இடம் இதுதான். குழலின் சுருள் பள்ளங்கள் குண்டைச் சுழற்றி அனுப்புகின்றன. 305 மி.மீ.க்கு ஒரு சுற்று தரும் .375 குழலிலிருந்து கிளம்பும் குண்டு நொடிக்குச் சுமார் 2,500 முறை சுழலும். காற்றில், பம்பரம் சாயாமல் நிற்பதற்கான அதே விதி அதன் மூக்கை முன்னோக்கி வைத்திருக்கும். தசையோ காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியானது. மூக்கைப் புரட்டும் விசையும் அதே அளவு ஏறுகிறது. அதைச் சுழற்சியால் சமாளிக்க அடர்த்தியின் வர்க்கமூல அளவுக்கு, அதாவது 28 மடங்கு வேகமாகச் சுழல வேண்டும். அதற்குக் குழலில் 11 மி.மீ.க்கு ஒரு சுற்று வேண்டும். நடக்காத காரியம்.

சுழற்சி கைவிட்ட பிறகு குண்டை நேராக வைப்பது எது? தட்டையான மூக்கு. உருண்டை மூக்கின் மேல் தசைநீர் ஒட்டி வழியும். குண்டு சற்றுச் சாய்ந்தால் ஒரு பக்கம் அழுத்தம் கூடி மேலும் சாயும், கடைசியில் பக்கவாட்டில் உருளும். மூக்கு தட்டையாக இருந்தால் நீர் அதன் விளிம்பிலேயே பிய்த்துக்கொண்டு வெளியே சிதறுகிறது. குண்டின் உடலைச் சுற்றி ஒரு குமிழி உருவாகிறது; தசையைத் தொடுவது முன்முகம் மட்டும். குண்டு சாய்ந்தால் அதன் பின்பகுதி குமிழியின் சுவரில் உரசும், சுவர் அதைத் தள்ளி நேராக்கும். வேகம் குறைந்து குமிழி மூடும்வரை இந்தத் திருத்தம் தொடர்கிறது. சோவியத் ஒன்றியத்தின் ஷ்க்வால் டார்பிடோ தண்ணீருக்குள் மணிக்கு 300 கி.மீ.க்கு மேல் பாய்ந்ததும் இதே தத்துவத்தில்தான். முகத்தின் அகலம் விட்டத்தில் மூன்றில் இரண்டு பங்காவது இருப்பது நல்லது. குண்டு முழுவதும் பித்தளையோ செம்போ ஆக இருந்தால் எலும்பில் மோதினாலும் அந்த முகம் சிதையாது. உடலுக்குள் குண்டு செய்வதைப் பற்றிய ஆய்வுகளுக்குப் பணம் பெரும்பாலும் ராணுவங்களிடமிருந்துதான் வந்திருக்கிறது. வனவிலங்குத் துறைகளுக்கும் கொஞ்சம் கிடைத்திருந்தால் காயப்பட்டு ஓடிய விலங்குகள் குறைந்திருக்கும் என்பது என் எண்ணம்.

தட்டை மூக்குக்கு ஒரு விலையும் உண்டு. மேகசினிலிருந்து (தோட்டாக்களை அடுக்கிவைக்கும் பெட்டி) மேலேறும்போது அது குழல்வாயின் விளிம்பில் முட்டி நிற்கலாம். அதனால்தான் 1898-ஆம் ஆண்டு மவுசர் ரைஃபிளின் அமைப்பை இன்றும் தேடுகிறார்கள். அதில் தோட்டா மேலே வரும்போதே அதன் அடிவிளிம்பை ஓர் அகன்ற நகம் கவ்விக்கொள்கிறது. பதற்றத்தில் போல்ட்டை (குழலின் பின்வாயை மூடும் தண்டு) முழுதும் மூடாமல் மறுபடி பின்னிழுத்துத் தள்ளினாலும் இரண்டாவது தோட்டா குறுக்கே வந்து சிக்காது. ஆனால் தோட்டாவைக் கையால் நேரே குழலுக்குள் போட்டு மூடினால், விளிம்பின் மேல் ஏறத் தெரியாத பழைய வகை நகம் உடையக்கூடும். எப்போதும் மேகசின் வழியாகவே ஏற்ற வேண்டும்.

காலிபரைப் பொறுத்தவரை, 1912-இல் வந்த .375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் பெரும்பாலானோருக்குப் போதும். அதன் உதையே மான் வேட்டையில் வழக்கமான .30-06 தோட்டாவைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. 1911-இன் .416 ரிக்பி 25.9 கிராம் குண்டை எறிகிறது. அதன் பெரிய கேஸ் (மருந்து அடைத்த உலோகக் கூடு) அழுத்தத்தைக் குறைவாக வைப்பதால், வெயிலில் மருந்து சூடேறினாலும் வெற்றுக் கேஸ் குழலில் சிக்குவது அரிது. 1956-இல் வந்த .458 வின்செஸ்டரில் நேர்மாறு: குட்டையான கேஸுக்குள் மருந்தை அமுக்கித் திணித்தார்கள். நாள்பட்டபோது அது கட்டிதட்டியது, வேகம் குறைந்தது.

இரட்டைக்குழல் ரைஃபிள் நொடிப்பொழுதில் இரண்டாவது வெடி தரும். ஆனால் அதன் குழல்கள் இணையானவை அல்ல. வலக்குழல் சுடும்போது துப்பாக்கி வலப்பக்கம் திமிறும் என்பதால், இரண்டையும் முன்புறம் சற்று நெருக்கி ஈயப்பற்று வைக்கிறார்கள். இந்தச் சரிக்கட்டல் ஒரே எடைக்கும் ஒரே வேகத்துக்கும் மட்டும் பொருந்தும். தோட்டா வேகமாக இருந்தால் வலக்குண்டு இடப்பக்கமும் இடக்குண்டு வலப்பக்கமும் விழும். மெதுவாக இருந்தால் விலகும். குளிர்நாட்டில் சரிசெய்த துப்பாக்கி ஆப்பிரிக்க வெயிலில் பிசகுவது இதனால்தான்.

இனி பெல். அவர் குறிவைத்தது பெரும்பாலும் மூளையை. உடற்கூறு அவருக்கு மனப்பாடம். அவ்வளவு துல்லியமாக எல்லோராலும் சுட முடியாது. .375 போடும் துளையின் பரப்பு 7 மி.மீ. துளையைப் போல் 1.75 மடங்கு. யானையின் மூளைக்குச் சற்றுத் தள்ளிப் பட்டாலும் கனமான குண்டு அதைச் சில நொடிகள் மயங்கவைக்க வாய்ப்பு அதிகம். சட்டம் குறி தவறுபவரை மனதில் வைத்து எழுதப்பட்டது. மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் வரும் எருமை 30 மீட்டரைக் கடக்க இரண்டு நொடி சொச்சம்தான் ஆகும்.

எருமைக்கு முதல் வெடி விரியும் குண்டு, பின்தொடர்பவை விரியாத திடக்குண்டு என்பது வழக்கம். திடக்குண்டு ஊடுருவி வெளியேறும். பின்னால் வேறு எருமை நின்றால் சுடக்கூடாது. சிங்கத்துக்கும் சிறுத்தைக்கும் விரியும் குண்டு மட்டும். தொலைநோக்கி 1-இலிருந்து 4 மடங்கு போதும். கண்ணுக்கும் அதற்கும் 9 செ.மீ. இடைவெளி இல்லாவிட்டால் புருவம் கிழியும். கிளம்புமுன், கொண்டுபோகும் தோட்டா ஒவ்வொன்றையும் சுடுகளத்தில், குழலைப் பாதுகாப்பான திசையில் வைத்து, மேகசினிலிருந்து வேகமாக ஏற்றி வெளியே எடுத்துப் பார்க்க வேண்டும். ஒருமுறை முட்டிய ரகத்தை வீட்டிலேயே விட்டுவிடலாம்.