குடல் கிருமியா, குடல்வாழ் நுண்ணுயிரா?

"முடக்குவாதத்துக்குக் குடல் கிருமிகளே காரணம்." உடல்நலக் காணொளிகளில் இந்த வரியைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. போன மாதம் என் அத்தையும் கேட்டிருக்கிறார். பல வருடமாக முடக்குவாதத்தோடு இருப்பவர். "வயித்துல கிருமி இருந்தா முட்டி வீங்குமாம்டா, பூச்சி மாத்திரை வாங்கிட்டு வர்றியா?" என்றார். அத்தை மேல் தவறில்லை. கேட்ட சொல்லை அதன் பழைய பொருளிலேயே சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறார்.

கிருமி வடமொழியிலிருந்து வந்த சொல், பொருள் புழு. இராமானுசர் கதையில் வரும் கிருமிகண்ட சோழன், கண்டத்தில் அதாவது கழுத்தில் புழு வைத்தவன். நோய் தரும் நுண்ணுயிருக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது பிற்பாடுதான். பாக்டீரியா கிரேக்கச் சொல், சிறு கோல் என்று பொருள். 1828இல் ஜெர்மானிய அறிவியலாளர் எரன்பெர்க் வைத்த பெயர். வேர் அவ்வளவுதான்.

இன்று கிருமி என்றால் தொற்று, கிருமிநாசினி, ஒழிக்க வேண்டியது. ஆனால் மனித உடலில், பெரும்பாலும் பெருங்குடலில், சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் வாழ்கின்றன என்பது 2016இல் வந்த மதிப்பீடு. நமக்குச் செரிக்காத நார்ச்சத்தை உடைத்து, குடல் சுவருக்கே உணவு தருபவை அவை. அத்தை தினமும் விழுங்கும் சல்ஃபாசலசினையே எடுத்துக்கொள்ளுங்கள். சுவீடன் மருத்துவர் நன்னா ஸ்வார்ட்ஸ் முடக்குவாதத்துக்கென்றே உருவாக்கிய மருந்து. அதைப் பெருங்குடலில் இரண்டாக உடைத்து வேலை செய்ய வைப்பவை இந்த பாக்டீரியாக்கள்தான். மருந்தைப் பிரித்துக் கொடுப்பதற்கும் கிருமி என்றா பெயர்?

உடனே "நல்ல கிருமி, கெட்ட கிருமி" என்று சமாதானம் சொல்வார்கள். எனக்கு இதுதான் இன்னும் எரிச்சல். நல்ல நஞ்சு என்பது போன்ற சொல் அது. அதைவிட, அறிவியலும் அப்படி இரண்டாகப் பிரிந்து நிற்கவில்லை. 2013இல் நியூயார்க் ஆய்வாளர்கள், முடக்குவாதம் புதிதாகத் தொடங்கி இன்னும் மருந்து எடுக்காதவர்களில் 75 சதவீதம் பேரிடம் ப்ரெவொடெல்லா கோப்ரி என்ற பாக்டீரியாவைக் கண்டார்கள். நோயில்லாதவர்களிலும் 21 சதவீதம் பேரிடம் அது இருந்தது. இதை எந்தப் பக்கம் சேர்ப்பீர்கள்? அந்த ஆய்வு காட்டியது தொடர்பை மட்டும். நம் மொழிபெயர்ப்பாளர்கள் அதைக் "காரணம்" ஆக்கிவிட்டார்கள்.

கிருமி சரியாகப் பொருந்தும் இடமும் உண்டு. சால்மொனெல்லா, ஷிகெல்லா போன்ற பாக்டீரியாக்கள் தொற்றி வயிற்றுப்போக்கு வந்து, சில வாரம் கழித்து முட்டியும் கணுக்காலும் வீங்குகிறதே, அங்கே நோய்க்கிருமி என்றே எழுதலாம். அவை வெளியிலிருந்து வந்து தாக்குபவை. குடியிருப்பவற்றுக்கும் அதே பெயரை வைத்தால் இந்த வேறுபாட்டை எப்படித்தான் சொல்வது?

பின் என்ன பெயர் வைப்பது? இலங்கைப் பாடநூல்களில் நுண்ணங்கி என்பார்கள். அங்கம் உடையது அங்கி, இலக்கணப்படி குறையில்லை. ஆனால் தமிழ்நாட்டுக் காதில் அங்கி என்றால் மேலாடை. நுண்ணுயிர் இரண்டு தூய தமிழ்ச் சொற்கள், பள்ளிப் பிள்ளைக்கும் புரியும். பூஞ்சையும் வைரசும் அதில் அடங்கிவிடுமே என்ற மறுப்பு நியாயமானது. பிரித்துச் சொல்ல வேண்டிய இடத்தில் பாக்டீரியா என்றே எழுதுவோம், அதில் வெட்கம் எதற்கு? பொதுவாகச் சொல்லும்போது குடல்வாழ் நுண்ணுயிர்கள், மொத்தமாகக் குறிக்கும்போது குடல்வாழ் நுண்ணுயிர்த் தொகுதி. 'வாழ்' என்பதை விடக்கூடாது. "குடல்ல குடியிருக்கிறது அத்தை" என்று சொன்ன பிறகுதான் பூச்சி மாத்திரைப் பேச்சு நின்றது.

உடல்நலக் கட்டுரைகளில் அழற்சி (inflammation) என்ற சொல் படும் பாடு தனி. சிலர் அதை அலர்ஜியின் தமிழ் வடிவம் என்றே நினைக்கிறார்கள். அலர்ஜிக்கு ஒவ்வாமை என்ற சொல் இருக்கிறது. வேறு சிலர் அழற்சி எதற்கு என்று வீக்கம் என்று எழுதுகிறார்கள். அழல் என்றால் தீ. மூட்டு சிவக்கிறது, சுடுகிறது, வீங்குகிறது, வலிக்கிறது. வீக்கம் அந்த நான்கில் ஒன்றுதான்.