அடர்த்தி: ஒரு வீசை எண்ணெய் எத்தனை லிட்டர்?

டென்சிட்டி என்பதற்குத் தமிழ் அடர்த்தி. நெருங்குதல், செறிதல் என்று பொருள்படும் 'அடர்' என்ற வினையிலிருந்து வந்தது. லத்தீன் 'டென்சுஸ்' என்பதற்கும் நெருக்கமானது என்றே பொருள். ஒரு லிட்டர் இடத்தில் எத்தனை கிலோ அடங்குகிறது என்பதே கணக்கு. எண்ணெய் தண்ணீரைவிடக் 'கெட்டி' என்பார்கள். அது பிசுக்கு, அடர்த்தி அல்ல. எண்ணெய் மிதப்பதே அதன் அடர்த்தி குறைவு என்பதற்குச் சாட்சி. இன்னொரு குழப்பம்: தமிழ்நாட்டுப் பாடநூலில் நிறை (மாஸ்) என்பது இலங்கை நூலில் திணிவு, அங்கே 'நிறை' என்றால் எடை.

பர்மாவில் இந்தச் சொல் அன்றாடம் தேவைப்படுகிறது, ஏனென்றால் எண்ணெயையே லிட்டரில் அல்லாமல் வீசை என்ற எடைக் கணக்கில் விற்கிறார்கள். ஆங்கிலேயர் 'விஸ்' என்று எழுதியது நம் வீசையைத்தான். ஆனால் சென்னை வீசை 120 தோலா, ஏறத்தாழ 1.4 கிலோ, பர்மா வீசை 140 தோலா, 1.633 கிலோ, அதாவது 100 டிக்கல் (பர்மாவின் சிறு எடை அளவு). பழைய தமிழ்நாட்டு வாய்பாட்டை இங்கே எடுத்து வந்தால் கணக்கு உதைக்கும்.

எடையை அடர்த்தியால் வகுத்தால் கன அளவு. கடலை எண்ணெயின் அடர்த்தி லிட்டருக்கு 0.915 கிலோ என்றால் 1.633 ÷ 0.915 = 1.785 லிட்டர். வகுப்பதற்குப் பதில் பெருக்கினால் 1.49 வரும், கால் லிட்டருக்கு மேல் போச்சு. தண்ணீரைவிட லேசான பொருளுக்கு லிட்டர் எண் கிலோ எண்ணைவிடப் பெரிதாக வர வேண்டும், அதை வைத்தே பிழையைப் பிடிக்கலாம். தேன் 1.42, ஒரு வீசைக்கு 1.15 லிட்டர்தான்.

எண்ணெயின் அடர்த்தியை நீங்களே பார்க்கலாம். போத்தலின் கழுத்தில் கோடு போட்டு, வெறும் போத்தலை நிறுங்கள். கோடு வரை தண்ணீர் ஊற்றி நிறுங்கள். போத்தல் எடையைக் கழித்தால் 500 கிராம், அதாவது 500 மில்லி தண்ணீர், என்று வையுங்கள். நன்றாக உலர்த்தி, அதே கோட்டுக்கு எண்ணெய். நிகர எடை 457 கிராம் என்றால் 457 ÷ 500 = 0.914. ஊற்றிய உடனே நிறுக்காதீர்கள், நுரை அடங்கட்டும். சூடு 10 டிகிரி ஏறினால் எண்ணெயின் அடர்த்தி சுமார் 0.007 குறையும், சித்திரை வெயிலில் நின்ற டின்னை லிட்டரில் அளந்து வாங்கினால் எடை கொஞ்சம் குறைவாகவே கிடைக்கும்.

தானியத்தில் நிலை வேறு. மணிகளுக்கு இடையே உள்ள காற்றும் அளவில் சேரும். பர்மாவின் 'தின்' என்ற கூடை சுமார் 40.9 லிட்டர். அதில் நெல் 46 பவுண்டு (20.9 கிலோ), அரிசி 75 பவுண்டு (34 கிலோ), ஓட்டுடன் நிலக்கடலை 25 பவுண்டு (11.3 கிலோ). லிட்டருக்கு முறையே 0.51, 0.83, 0.28 கிலோ. கூடையின் பதினாறில் ஒரு பங்கான 'ப்யி' அரிசி 2.13 கிலோ, அதாவது 130 டிக்கல். இது தலை தட்டிய அளவு. குவித்தால் கூடும், குலுக்கி நிரப்பினாலும் கூடும். இந்தத் தகராறு வேண்டாம் என்றுதான் வியாபாரத்தில் கூடையையே பயிருக்கு ஓர் எடையாக நிலைநிறுத்திவிட்டார்கள்.