அடையாள எண்ணின் பதின்மூன்றாம் இலக்கம்

தென்னாப்பிரிக்க அடையாள எண்ணில் 13 இலக்கங்கள் உள்ளன. முதல் ஆறு பிறந்த நாளையும், அடுத்த நான்கு ஆணா பெண்ணா என்பதையும், பதினொன்றாவது குடியுரிமை நிலையையும் குறிக்கின்றன. நம்மவரை ‘இந்தியர்’ என்று தனியே பிரித்துக்காட்ட நிறவெறி அரசு பயன்படுத்திய பன்னிரண்டாம் இலக்கம், இன்று பெரும்பாலும் வெறும் 8 ஆக நிற்கிறது. பதின்மூன்றாவது மட்டும் ஆளைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. மற்ற பன்னிரண்டும் பிழையின்றி எழுதப்பட்டனவா என்று சோதிப்பதே அதன் வேலை. ஐபிஎம் பொறியாளர் ஹான்ஸ் பீட்டர் லூன் 1954-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த இம்முறையே வங்கி அட்டை எண்களிலும் உள்ளது.

யாருடைய எண்ணையும் எடுக்காமல், சென்னையிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளருடன் புறப்பட்ட ட்ரூரோ கப்பல் டர்பனை அடைந்த 1860 நவம்பர் 16-ஐ 18601116 என்று எழுதிக்கொள்வோம். வலக்கோடியில் தொடங்கி, ஒன்று விட்டு ஒன்றாக 6, 1, 0, 8 ஆகியவற்றை இரட்டித்தால் 12, 2, 0, 16 கிடைக்கும். ஈரிலக்கமாக வந்தவற்றின் இலக்கங்களைக் கூட்டினால் அவை 3, 2, 0, 7 ஆகும். இவற்றின் கூட்டுத்தொகை 12. இரட்டிக்காத 1, 1, 6, 1 சேர்ந்து 9. மொத்தம் 21, அடுத்த பத்தின் மடங்கான 30-ஐ எட்ட 9 தேவை. ஆகவே முழு எண் 186011169.

வெறுமனே இரட்டித்திருந்தால் 1, 6 இரண்டுமே 2-இல் முடிந்து, ஒன்றுக்குப் பதில் மற்றதை எழுதியது தெரியாமலே போயிருக்கும். இலக்கங்களைக் கூட்டுவதால் 0 முதல் 9 வரையிலானவை முறையே 0, 2, 4, 6, 8, 1, 3, 5, 7, 9 ஆகின்றன. எந்த இரண்டும் மோதுவதில்லை. எனவே ஓரிலக்கப் பிழை எதுவும் தப்பாது.

அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறுவதே சுவையான சிக்கல். இரட்டித்து வந்ததிலிருந்து மூல இலக்கத்தைக் கழித்து, பத்தால் வகுத்த மீதியை எடுத்தால் 0, 1, 2, 3, 4, 6, 7, 8, 9, 0 என்று வரிசை வரும். மீதிகள் வேறுபட்டால் இடமாற்றம் பிடிபடும். 0-க்கும் 9-க்கும் மீதி ஒன்றே என்பதால் 09 என்பதை 90 என்று எழுதினால் மட்டும் இம்முறை ஏமாந்துவிடும்.

இந்த ஓட்டையை லூனின் கவனக்குறைவு என்று சொல்ல முடியாது. பத்து இலக்கங்களை எப்படி இடம் மாற்றி அடுக்கினாலும், மூல வரிசையிலிருந்து அவற்றுக்குள்ள வித்தியாசங்களின் கூட்டுத்தொகை சுழியமே. பத்து மீதிகளும் வெவ்வேறாக இருந்தால், அவை 0 முதல் 9 வரை எல்லாமாகவும் அமைந்து கூட்டுத்தொகை 45 ஆகும். அதைப் பத்தால் வகுத்தால் மீதி 5 வரும், சுழியம் வராது. ஆகவே ஓரிணையாவது மோதியே தீரும். 45 இணைகளில் ஒன்றை மட்டுமே தப்பவிட்ட லூன், இவ்வழியில் எட்டக்கூடிய எல்லையை எட்டிவிட்டார்.

அந்த எல்லையைத் தாண்டச் சாதாரணக் கூட்டலையே கைவிட வேண்டும். நெதர்லாந்துக் கணிதவியலாளர் வெர்ஹூஃப் 1969-இல் ஒழுங்கான ஐங்கோணத்தைச் சுழற்றியும் புரட்டியும் பெறும் பத்து அசைவுகளைப் பத்து இலக்கங்களாகக் கொண்டார். அங்கே எதை முதலில் செய்கிறோம் என்பதைப் பொறுத்துப் பல இணைகளில் விடை மாறும். அதோடு ஒவ்வோர் இடத்துக்கும் ஏற்ப இலக்கங்களை வேறு வேறாக மாற்றி அடுக்கியதால், அடுத்தடுத்த இலக்கங்களின் இடமாற்றம் எதுவும் ஒளிந்துகொள்ள முடியாது. இந்தியாவின் ஆதார் எண்ணில் கடைசி இலக்கத்தைத் தருவது இம்முறைதான்.