மண்ணெண்ணெயில் ஓடிய மொரிஸ் மைனர்

1990களில் பரந்தன் – முல்லைத்தீவு வீதியில் கார் வருவதைக் கண்ணுக்கு முன்னே மூக்கு அறிந்துவிடும். அரைகுறையாக எரிந்த மண்ணெண்ணெயின் நெடி முதலில் வரும். பிறகு புகை. அதற்குப் பிறகுதான் மொரிஸ் மைனரோ ஒஸ்ரின் கேம்பிரிட்ஜோ குலுங்கிக்கொண்டு வந்து சேரும். 1990இல் போர் மறுபடி மூண்டதும் வடக்குக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. வன்னியில் கிடைத்த கொஞ்சப் பெற்றோலும் போத்தல் கணக்கில், யானை விலையில் விற்றது. ஆஸ்பத்திரிக்குப் போகிற கர்ப்பிணியையும் கலியாண வீட்டுக்காரரையும் சுமந்தது மண்ணெண்ணெய்தான். அந்தக் கார்களின் பின்சீற்றில் மூக்கைப் பொத்திக்கொண்டு போன பிள்ளைகளில் நானும் ஒருவன். பின்னாளில் அதே எஞ்சின்களைக் கழற்றிப் பூட்டும் கராஜ்களில் நாள்கணக்காகக் குந்தியிருந்து பார்த்தும் இருக்கிறேன்.

பெற்றோலுக்கென்று செய்த எஞ்சின் மண்ணெண்ணெயில் எப்படி ஓடியது? ஓட்டியவர்களின் கெட்டித்தனம் பாதி. மற்றப் பாதி அந்த எஞ்சினின் உடம்பிலேயே இருந்தது.

மொரிஸ் மைனர் 1000இல் இருப்பது ஏ சீரிஸ் எனப்படும் எஞ்சின். 1951இல் ஒஸ்ரின் ஏ30 காரில் 803 சீசீயாக அறிமுகமானது. 1956இல் 948 சீசீ ஆகி மைனருக்கு வந்தது. 1962இல் 1098 சீசீ ஆனது. மினி காரில் 2000ஆம் ஆண்டு வரை இதே குடும்பம் தொடர்ந்தது. 948இல் சிலின்டரின் விட்டம் 62.9 மில்லிமீற்றர், பிஸ்ரன் ஏறி இறங்கும் தூரம் 76.2 மில்லிமீற்றர். ஒடுங்கிய, நீண்ட சிலின்டர். பறக்கிற எஞ்சின் அல்ல, இழுக்கிற எஞ்சின். மிஞ்சினால் 37 குதிரைவலு தரும். சிலின்டர்கள் இருக்கும் புளொக்கும் அதை மேலே மூடும் ஹெட்டும் முழுக்க வார்ப்பிரும்பு. கேம்பிரிட்ஜில் இருப்பது இதன் அண்ணன், பீ சீரிஸ்: 1489 சீசீ, பிறகு ஏ60 இல் 1622 சீசீ. அளவுதான் பெரிது, குணம் ஒன்றே.

இனி மண்ணெண்ணெய்க்கு வருவோம். பெற்றோல் எந்த வெயிலிலும் எந்தக் குளிரிலும் ஆவியாகிக்கொண்டே இருக்கும். பனிக்கட்டிக் குளிருக்கும் கீழே, ஏறத்தாழ மைனஸ் 40 பாகையில்கூட அதன் ஆவி தீப்பற்றும். மண்ணெண்ணெய்க்கு அது போதாது. 38 பாகையைத் தாண்டினால்தான் தீப்பற்றும் அளவுக்கு ஆவி எழும். முழுவதும் ஆவியாக 150 பாகைக்கும் மேலே போக வேண்டும். ஆகவே குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் துளியாகவே சிலின்டருக்குள் விழுந்து பிளக்கை நனைக்கும். தீப்பொறி பாய்ந்தாலும் பற்றாது. அதனால்தான் ஸ்ரார்ட் பண்ண மட்டும், காற்றோடு எரிபொருளைக் கலக்கும் காபரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோல் விட்டார்கள். எஞ்சின் பிடித்து, சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாறினார்கள். சூடு ஆறுமுன் திரும்பப் புறப்பட்டால் பெற்றோல் வேண்டாம். ஆறிவிட்டால் மறுபடி போத்தலைத் திறக்க வேண்டியதுதான்.

சூடேறிய பிறகு உதவிக்கு வந்தது எஞ்சினின் அமைப்பு. காற்றும் எரிபொருளும் உள்ளே போகும் குழாயும் புகை வெளியேறும் குழாயும் இதில் ஒரே பக்கத்தில், ஒன்றையொன்று ஒட்டியபடி இருக்கின்றன. காபரேற்றரிலிருந்து வருகிற கலவை, கொதிக்கும் புகைக்குழாயின் முதுகில் சூடு காய்ந்துவிட்டுத்தான் உள்ளே போகும். குளிர்நாட்டில் பெற்றோல் துளியாகத் தங்கிவிடக் கூடாது என்று வைத்த ஏற்பாடு இது. வன்னியில் அது மண்ணெண்ணெயை ஆவியாக்கும் அடுப்பாக வேலை செய்தது. 1949இல் வந்த பேர்குசன் உழவு இயந்திர ரகம் ஒன்று மண்ணெண்ணெய் போன்ற எரிபொருளுக்கென்றே செய்யப்பட்டது. அதுவும் பெற்றோலில் ஸ்ரார்ட் பண்ணி, சூடாக்கி, பிறகு மாற்றுகிற முறைதான்.

ஆனால் உழவு இயந்திரத்தில் அமுக்கம் குறைவு. மைனரிலோ உள்ளே வந்த கலவை 8.3 மடங்கு சுருங்கும்படி அமுக்கப்படுகிறது. (7.2 மடங்கு அமுக்கும் ரகமும் உண்டு, மண்ணெண்ணெய்க்கு அதுவே தோதானது.) அமுக்க அமுக்கச் சூடு ஏறும். பெற்றோல் அந்தச் சூட்டைத் தாங்கி, பிளக்கின் பொறிக்காகக் காத்திருக்கும். அப்படித் தாங்கும் திறனைக் காட்டுவது ஒக்ரேன் எண். மண்ணெண்ணெயில் அது 50ஐக்கூட எட்டாது. மண்ணெண்ணெய் பொறுக்காமல் தானாக வெடிக்கும். ஏற்றத்தில் ‘டக டக’ என்று சுத்தியலால் தட்டுவது போலக் கேட்குமே, அது அந்த வெடிப்புத்தான். இதற்கு மெக்கானிக்குகள் செய்தது பொறியைப் பிந்த விடுவது. பிளக்குகளுக்குப் பொறியைப் பங்கிடும் டிஸ்ரிபியூற்றரின் பக்கத்தில் கையாலேயே திருகக்கூடிய சிறிய நட் ஒன்று இருக்கிறது. அதைத் திருகினால் பொறி முந்தும் அல்லது பிந்தும். எஸ்.யூ. காபரேற்றரின் அடியில் இன்னொரு நட். அதைத் திருகினால் எரிபொருள் கூடும், குறையும். காதையும் மூக்கையும் வைத்துக்கொண்டே இரண்டையும் சரிப்படுத்திவிடலாம். இன்றைய கம்பியூற்றர் கார் ஒன்று அந்த வன்னிக்கு வந்திருந்தால் ஒரு நாள்கூடத் தாங்கியிராது என்றே நினைக்கிறேன்.

விலை இல்லாமல் அது ஓடவில்லை. ஆவியாகாத மண்ணெண்ணெய் சிலின்டர் சுவரில் இருக்கும் ஒயிலைக் கழுவிக்கொண்டு, பிஸ்ரன் றிங்குகளைத் தாண்டிக் கீழே, ஒயில் தங்கும் சம்புக்குள் வடியும். சம்பில் இருப்பது ஏறத்தாழ 3.7 லீற்றர் ஒயில். வழமையாக ஓட ஓட ஒயில் குறைய வேண்டும். மண்ணெண்ணெயில் ஓடிய காரில் டிப்ஸ்ரிக்கை இழுத்துப் பார்த்தால் மட்டம் ஏறியிருக்கும்! அதைக் கண்டு ஒயில் குறையாத நல்ல எஞ்சின் என்று நம்பியவர்களும் இருந்தார்கள். மணந்து பார்த்தால் தெரிந்துவிடும். ஒயில் தண்ணீராகிப் போனால் பிஸ்ரன்கள் சுழற்றும் கிறாங் தண்டுக்கும் அதைத் தாங்கும் பெயரிங்குக்கும் நடுவே நிற்கவேண்டிய ஒயில் படலம் கிழிந்துவிடும். இந்த எஞ்சினில் நான்கு சிலின்டரின் அடியையும் தாங்கும் கிறாங்குக்கு மூன்றே மூன்று மெயின் பெயரிங்குகள். தாங்கலுக்கும் தாங்கலுக்கும் இடைவெளி அதிகம், ஆகவே தேய்மானமும் சீக்கிரம் தெரியும். சூடான எஞ்சின் ஓடும்போது ஒயில் அமுக்கம் சதுர அங்குலத்துக்கு 60 இறாத்தல் அளவில் நிற்க வேண்டும். பெயரிங் தேய்ந்ததில் அது விழுந்துகொண்டே போகும்.

பின்பக்க ஒயில் ஒழுக்கும் இதோடு சேர்ந்த கதை. கிறாங்கின் பின்முனையில் இன்றைய கார்களில் உள்ளது போல றப்பர் சீல் கிடையாது. தண்டில் வெட்டிய ஒரு புரி, சுழலும்போது ஒயிலை உள்பக்கமே தள்ளிவிடும். அழகான யோசனை, ஆனால் எஞ்சின் நின்றதும் புரி வேலை செய்யாது. புத்தம்புதுக் காரிலேயே நாலு சொட்டு விழும். ஒயில் தண்ணீராகி, றிங் தேய்ந்து, சம்புக்குள் காற்றமுக்கமும் கூடினால் சொட்டு ஒழுக்காகிக் கிளச்சை நனைக்கும்.

2002 ஏப்ரலில், போரால் மூடியிருந்த ஏ9 கண்டி – யாழ்ப்பாண வீதி திறந்தது. பெற்றோல் தாராளமாக வந்தது. மண்ணெண்ணெயின் காலம் முடிந்தது. அதே ஆண்டில்தான் இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோலும் நிறுத்தப்பட்டது. மனிதருக்கு, முக்கியமாகக் குழந்தைகளுக்கு, அது பெரிய நன்மை. அதில் எனக்கு இரண்டாவது பேச்சு இல்லை. ஆனால் இந்த எஞ்சினில் வால்வுகள் மூடும்போது வந்து அமரும் இருக்கைகள் தனி உருக்கில் செய்தவை அல்ல, ஹெட்டின் வார்ப்பிரும்பிலேயே வெட்டியவை. பெற்றோலில் இருந்த ஈயம் அந்த இருக்கையில் மெல்லிய படையாகப் படிந்து மெத்தைபோல இருந்தது. அது போனதும் செஞ்சூட்டில் வந்து மோதுகிற புகை வால்வு இருக்கையை நுணுக்கு நுணுக்காகப் பிய்த்தெடுக்கிறது. வால்வு மேலே மேலே புதைய, வால்வுத் தண்டுக்கும் அதைத் தட்டும் றொக்கருக்கும் நடுவே 0.30 மில்லிமீற்றர் இருக்கவேண்டிய இடைவெளி இல்லாமற் போகிறது. பிறகு வால்வு முழுதாக மூடாது. நெருப்பு அந்த நீக்கலால் பாய்ந்து வால்வின் ஓரத்தை எரிக்கும். மெல்ல ஓடுபவர்களுக்கு இது வர வருடங்கள் எடுக்கும். பாரம் ஏற்றி ஏ9இல் விரட்டுபவர்களுக்குச் சீக்கிரம் வரும். ஹெட்டைக் கழற்றும் வேளை வந்தால் புகை வால்வுகளுக்குக் கடின உருக்கு இருக்கை அடிப்பதுதான் நிலையான வைத்தியம். அதுவரை இடைவெளியை அடிக்கடி அளந்து பாருங்கள்.

ஹெட்டில் இன்னொரு பலவீனமும் உண்டு. புகை வெளியேற மூன்று வாசல்களே இருக்கின்றன. 1க்கும் 4க்கும் தனித்தனி வாசல், 2க்கும் 3க்கும் நடுவில் பொது வாசல். இரண்டு சிலின்டரின் சூடும் அந்த நடுவிடத்தில் குவிகிறது. ஹெட் வெடிப்பதும், ஹெட்டுக்கும் புளொக்குக்கும் இடையில் உள்ள காஸ்கற் 2க்கும் 3க்கும் நடுவே எரிவதும் அங்கேதான். அந்த இரண்டிலும் மட்டும் அமுக்கம் விழுந்திருந்தால் வேறெங்கும் தேட வேண்டாம்.

வன்னியின் கிணற்றுத் தண்ணீர் இந்தச் சூட்டை இன்னும் கூட்டுகிறது. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படியும் அதே சுண்ணாம்பு றேடியேற்றருக்குள்ளும் புளொக்குக்குள்ளும் படிகிறது. தண்ணீர்ப் பம்பிலிருந்து எட்ட இருக்கிற நான்காவது சிலின்டரைச் சுற்றித்தான் மண்டி அதிகம் சேரும். புளொக்கின் பக்கத்தில், பின்பாட்டில் ஒரு வடிகுழாய்த் திருகு இருக்கிறது. அதைத் திறந்தும் தண்ணீர் வராவிட்டால் தண்ணீர் இல்லை என்று நினைக்காதீர்கள். கம்பி விட்டுக் கிண்டிப் பாருங்கள், சேறு வரும். மாரியில் பிடித்த மழைத்தண்ணீரோடு கூலன்ற் கலந்து விடுங்கள். சூடு ஏறுகிறது என்று, சூட்டுக்கேற்பத் தண்ணீரை றேடியேற்றருக்குத் திறந்துவிடும் தேர்மோஸ்ராற்றைக் கழற்றி எறிகிற பழக்கத்தோடு எனக்கு உடன்பாடில்லை. அடைப்பை அப்படியே விட்டுவிட்டு வாசலை அகலமாக்குகிற வேலை அது.

அந்தக் கால மைனர் ஒன்று இன்று உங்கள் கைக்கு வந்தால், வெளிப்பூச்சைப் பார்க்க முதல் சம்பைக் கழற்றச் சொல்லுங்கள். பெயரிங் ஓடு ஒன்றைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். சாம்பல் நிறம் சீராக இருந்தால் நல்லது. செம்புநிறம் எட்டிப் பார்த்தால் கிறாங்கைக் கிரைண்ட் பண்ணி, சிலின்டரை அகலமாகக் குடைந்து, ஓவர்சைஸ் பிஸ்ரன் போடுகிற செலவையும் விலையோடு கூட்டிக்கொண்டு பேசுங்கள்.