ரெசிஸ்டருக்கு எவ்வளவு வோல்ட் மிச்சம்?

எல்இடிக்குப் போகும் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் ரெசிஸ்டரின் அளவு பார்ப்பது ஒரு வரிக் கணக்கு. சப்ளை வோல்ட்டில் எல்இடிக்குப் போவதைக் கழித்து, மிச்சத்தை வேண்டிய மின்னோட்டத்தால் வகுக்க வேண்டும். 5 வோல்ட் சப்ளை, 2 வோல்ட் சிவப்பு எல்இடி, 20 மில்லிஆம்பியர் என்றால் 3-ஐ 0.02-ஆல் வகுத்து 150 ஓம். கடையில் அப்படியே கிடைக்கும். கால் வாட் தாங்கும் ரெசிஸ்டர் போதும்.

இதே கணக்கை 3.3 வோல்ட்டில் ஓடும் சர்க்யூட் போர்டில் வெள்ளை எல்இடிக்குப் போட்டுப் பாருங்கள். வெள்ளை எல்இடி என்பது மஞ்சள் பாஸ்பர் (நீல ஒளியில் ஒரு பகுதியை மஞ்சளாக மாற்றும் பொடி) பூசிய நீல எல்இடிதான். நீல ஒளிக்கு ஆற்றல் அதிகம், அதனால் அது சுமார் 3 வோல்ட் கேட்கும். மிச்சம் வெறும் 0.3 வோல்ட். 33 ஓம் போட்டால் 9 மில்லிஆம்பியர் வரும். சரி, எரியும். ஆனால் அந்த 3 வோல்ட் உத்தேசக் கணக்குதான். ஒரே பாக்கெட்டில் ஒன்று 2.9 கேட்கும், இன்னொன்று 3.2 கேட்கும். முதலாவதில் 12 மில்லிஆம்பியர் ஓடும், அடுத்ததில் 3. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் கண்ணில் குத்தும். 5 வோல்ட்டில் 220 ஓம் போட்டிருந்தால் இரண்டும் 8-க்கும் 10-க்கும் நடுவில் நின்றிருக்கும்.

எல்இடிக்குத் தன்னைக் கட்டுப்படுத்தத் தெரியாது. வோல்ட் கொஞ்சம் ஏறினாலே மின்னோட்டம் பல மடங்காகும். சூடானால் அது கேட்கும் வோல்ட்டும் டிகிரிக்கு ஏறத்தாழ 2 மில்லிவோல்ட் குறையும். இன்னும் மின்னோட்டம் ஏறும். பிடித்து நிறுத்துவது ரெசிஸ்டர்தான். பிடிக்க அதன் கையில் வோல்ட் இருக்க வேண்டுமே!

3 வோல்ட் பட்டன் செல்லில் எல்இடியை நேராகச் செருகினாலும் எரிகிறதே என்பார்கள். அங்கே செல்லின் உள்தடையே ரெசிஸ்டர் வேலையைப் பார்க்கிறது. இரண்டு பென்சில் செல்லை நம்பிச் சிவப்பு எல்இடியை அப்படிச் செருகாதீர்கள். அவற்றின் உள்தடை மிகக் குறைவு. வெள்ளைக்கு வேறு சங்கடம்: செல் கொஞ்சம் இறங்கியதுமே மங்கிவிடும், உள்ளே பாதி சக்தி மிச்சமிருந்தாலும்.

போர்டில் 5 வோல்ட் லைன் இருந்தால் வெள்ளையை அதில் மாட்டுங்கள். ஒற்றைச் செல்தான் என்றால் வோல்ட்டை ஏற்றிக் கொடுக்கும் டிரைவர் ஐசி வேண்டும். போர்டு ஆன் ஆகியிருக்கிறதா என்று காட்ட மட்டும் என்றால், 3.3 வோல்ட்டில் சிவப்பு எல்இடியும் 1 கிலோ ஓமும் போடுவேன். 1.3 மில்லிஆம்பியர்தான் ஓடும். இன்றைய எல்இடிக்கு அதுவே தாராளம்.