பகலில் தூங்கினால் கணக்கு நேராகிவிடுமா?

"நைட் ஷிஃப்ட்தான் டாக்டர், ஆனா பகல்ல எட்டு மணி நேரம் அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கிடறேன். அப்புறம் எப்படி சுகர் ஏறும்?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. இந்த வாரமும் ஒருவர் வந்தார். நாற்பது வயதுகூட ஆகவில்லை. சர்க்கரை, கல்லீரலில் கொழுப்பு, விடாத நெஞ்செரிச்சல். மூன்றுக்கும் தனித்தனி மாத்திரை கையில் இருந்தது. எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறீர்கள் என்று மட்டும் அதுவரை யாரும் அவரைக் கேட்கவில்லை. நள்ளிரவு தாண்டி இரண்டு மணிக்குத்தான் அவருக்கு வயிறு நிறையச் சாப்பாடு.

உடலின் கடிகாரம் என்றதும் எல்லோருக்கும் தூக்கம் ஒன்றுதான் நினைவுக்கு வருகிறது. தலைக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது, தூங்கிவிட்டால் அதன் கடன் தீர்ந்தது என்று ஒரு கணக்கு. தலைக்குள் இருப்பது உண்மைதான். இரண்டு கண் நரம்புகளும் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, ஏறக்குறைய 20,000 நரம்பணுக்கள் சேர்ந்த சின்னஞ்சிறு முடிச்சு. கண்ணுக்குள் வரும் வெளிச்சத்தை வைத்து அது நேரம் பார்க்கிறது. ஆனால் உடம்பில் அது ஒன்றுதான் கடிகாரம் என்று நினைப்பதுதான் தப்பு. கல்லீரல், கணையம், குடல், தோல், இதயத் தசை என்று உடம்பின் அநேகமாக எல்லா செல்களுக்குள்ளும் தனித்தனியாக ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது.

நம்ப முடியாதவர்களுக்காக இதைச் சொல்கிறேன். 1998-இல் ஜெனிவாவில் ஊலி ஷிப்லர் என்ற உயிரியலாளரின் ஆய்வகம் எலியின் இணைப்புத்திசு செல்களை எடுத்துப் பார்த்தது. பல்லாண்டுகளாக ஆய்வகத் தட்டிலேயே பெருகி வந்த செல்கள். மூளையோடு எந்தத் தொடர்பும் கிடையாது. சீரத்தை (இரத்தம் உறைந்த பின் பிரியும் தெளிந்த நீர்) ஒரு முறை ஊற்றிக் கிளப்பிவிட்டதும், ஏறக்குறைய ஒரு நாளுக்கு ஒரு சுற்று என்று கடிகார மரபணுக்கள் ஏறி இறங்க ஆரம்பித்தன. 2011-இல் வேறு ஆய்வாளர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். மனித இரத்தச் சிவப்பணுவில் உட்கருவே இல்லை, மரபணு வேலைக்கே இடமில்லை. அதிலும் ஒரு தினசரித் தாளம் இருந்தது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

கடிகாரப் புரதங்கள் தம்மை உண்டாக்கும் மரபணுக்களையே எப்படி அடக்குகின்றன என்ற கதைக்குள் போகவில்லை. அதைப் பழ ஈயில் கண்டுபிடித்தவர்களுக்கு 2017-இல் நோபல் பரிசு கிடைத்தது. தேடினால் எளிதாகக் கிடைக்கும். எனக்கு முக்கியம், செல்லின் உறுப்புகளே நேரத்துக்குத் தக்கபடி மாறுகின்றன என்பதுதான். சுண்டெலியின் கல்லீரலைப் பாருங்கள். அது இரவில் உண்ணும் பிராணி. இரவில் அதன் கல்லீரல் செல்களில் புரதம் தயாரிக்கும் ரைபோசோம்கள் பெருகுகின்றன, செல்லே பெரிதாகிறது, கல்லீரலின் எடையும் கூடுகிறது. பகலில் மறுபடி சிறுத்துவிடுகிறது. உணவைப் பகலுக்கு மாற்றிவிட்டால் இந்த ஏற்ற இறக்கம் மங்கிப்போகிறது. கண்ணிலும் இப்படி ஒரு வேலை நடக்கிறது. மங்கிய வெளிச்சத்தில் பார்க்க உதவும் விழித்திரையின் குச்சி செல்கள் தேய்ந்த நுனித் தட்டுகளை உதிர்ப்பதும், பக்கத்திலுள்ள நிறமி செல்கள் அவற்றை விழுங்கிச் செரிப்பதும் விடிந்த கையோடு உச்சத்தில் நடக்கும். எலிகளை நாள் கணக்கில் இருட்டில் வைத்தாலும் அந்த நேரம் வந்தால் உதிர்க்கும். 1976-லேயே தெரிந்த சங்கதி இது.

சரி, நைட் ஷிஃப்டுக்கு வருவோம். மூளையின் கடிகாரம் வெளிச்சத்துக்குக் கட்டுப்பட்டது. கல்லீரலின் கடிகாரம் பெரும்பாலும் சாப்பாட்டு நேரத்துக்குக் கட்டுப்பட்டது. எலிகளுக்கு உணவைப் பகலில் மட்டும் கொடுத்தபோது கல்லீரலின் கடிகாரம் தலைகீழாகப் புரண்டது, மூளையின் கடிகாரம் அசையவே இல்லை. இரவு இரண்டு மணிக்குச் சாப்பிடுகிறவர் உடம்பிலும் இப்படித்தான் இரண்டு கடிகாரங்களும் ஆளுக்கொரு பக்கம் இழுக்கின்றன. அந்த நேரத்தில் கணையம் இன்சுலின் சுரப்பதிலும் மந்தம். பகலில் சாப்பிட்ட அதே அளவுதான், ஆனால் சர்க்கரை அதிகம் ஏறும். 2021-இல் வந்த ஓர் ஆய்வில், இரவு வேலை போலவே ஏற்பாடு செய்து ஆட்களைப் பரிசோதனைக்கூடத்தில் தங்க வைத்தார்கள். இரவிலும் சாப்பிட்டவர்களுக்குச் சர்க்கரை ஏறியது. பகலில் மட்டும் சாப்பிட்டவர்களுக்கு ஏறவில்லை. தூங்கும் அட்டவணை இரு தரப்புக்கும் ஒன்றுதான். எட்டு மணி நேரத் தூக்கம் ஏன் கைகொடுக்கவில்லை என்பதற்கு இதுதான் பதில்.

வேலையை விடச் சொல்லவில்லை. அது பலருக்கு முடியாது என்று எனக்கும் தெரியும். பெரிய சாப்பாட்டை வேலைக்குக் கிளம்பும் முன்பே முடித்துவிடுங்கள். நள்ளிரவிலிருந்து விடியும் வரை வயிற்றை முடிந்த மட்டும் சும்மா விடுங்கள், தாங்கவில்லையென்றால் கொஞ்சமாக ஏதாவது. ஆனால் இன்சுலினோ சர்க்கரையைத் தாழ்த்தும் மாத்திரையோ எடுப்பவர்கள் இதைப் படித்துவிட்டு இன்றிரவே பட்டினி கிடக்காதீர்கள், தயவுசெய்து. மருந்தளவை மருத்துவரோடு பேசி மாற்றிய பிறகுதான் சாப்பாட்டு நேரத்தைத் தொட வேண்டும். பகலில் படுக்கும் அறை நன்றாக இருட்டாக இருக்கட்டும். படுத்துக்கொண்டு கைபேசியைப் பார்ப்பதை நிறுத்துங்கள், இதை எத்தனை தடவைதான் சொல்வது. இரவு வந்துவிட்டது என்று உடம்புக்குச் சொல்லும் ஹார்மோனான மெலடோனினை மாத்திரையாக, நண்பர் சொன்னார் என்று வாங்கி விழுங்காதீர்கள். தப்பான நேரத்தில் எடுத்தால் அது கடிகாரத்தை எதிர்ப்பக்கம் தள்ளும்.

மருந்துக்கும் நேரம் உண்டு. ஸ்டீராய்டு மாத்திரையைக் காலையில் எடுக்கச் சொல்வது, உடம்பு தானாகச் சுரக்கும் ஸ்டீராய்டான கார்டிசால் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும் என்பதால்தான். கொலஸ்ட்ராலைக் குறைக்கும் சிம்வாஸ்டாட்டினை இரவில் கொடுப்பது, கல்லீரல் கொலஸ்ட்ராலை உற்பத்தி செய்யும் வேகம் இரவில் கூடுவதால். நைட் ஷிஃப்ட்காரருக்குக் 'காலை' எது, 'இரவு' எது என்று கேட்காமலே சீட்டு எழுதிவிடுகிறோம் என்பது எங்கள் தொழில்காரர்களுக்கான குத்தல். அதனால் நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள். கார்டிசால் பரிசோதனைக்கு இரத்தம் கொடுக்கப் போனால், கடைசியாகத் தூங்கி எழுந்தது எத்தனை மணிக்கு, அந்த வாரம் எந்த ஷிஃப்ட் என்று சீட்டிலேயே எழுதச் சொல்லுங்கள்.