பட்டறைகள் மூடிய நேரத்தில் பிறந்த நீரூற்று

சிலையோ சிங்கமுகமோ பளிங்குத் தொட்டியோ இல்லாத நீரூற்று அது. ஜெனீவா ஏரியிலிருந்து 140 மீட்டர் உயரத்துக்கு எழும் வெறும் தண்ணீர். 'ஜெ தோ' என்ற அந்தத் தண்ணீர்த் தூண்தான் இன்று சுவிட்சர்லாந்தின் ஜெனீவா நகரத்தின் அடையாளம். ஆனால் அதை யாரும் அழகுக்காகக் கட்டவில்லை. எனக்கு அதன்மேல் இத்தனை பிரியம் வரக் காரணமே அதுதான்.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில், ரோன் ஆற்றோரம் ஒரு பம்பு நிலையம் இயங்கியது. அழுத்தமேற்றிய தண்ணீரைக் குழாய்களில் அனுப்பி, நகரத்துப் பட்டறைகளின் இயந்திரங்களை ஓட்டியது. மாலையில் பட்டறைக்காரர்கள் ஒவ்வொருவராகத் திருகை மூடுவார்கள். தண்ணீருக்குப் போக வழியில்லை. குழாயில் அழுத்தம் எகிறும். பம்புகளை ஓடிப்போய் நிறுத்துவதற்குப் பதிலாக, பொறியாளர்கள் வானத்தை நோக்கி ஒரு வழியைத் திறந்துவிட்டார்கள். 1886இல் எழுந்த அந்த நீர் 30 மீட்டரைத் தொட்டது. குக்கரில் நீராவியை வெளியேற்றும் வால்வு செய்யும் வேலைதான்.

பிறகு அழுத்தத்தைச் சமாளிக்க வேறு ஏற்பாடு வந்தது, வால்வு தேவையற்றுப்போனது. ஊரார் அதை விடவில்லை. 1891இல், சுவிஸ் கூட்டமைப்பின் 600ஆம் ஆண்டையொட்டி, ஏரிக்கு இடம் மாற்றி 90 மீட்டராக உயர்த்தினார்கள். ஏரி நீரையே எடுத்து வீசும் இப்போதைய பம்புகள் 1951இல் வந்தவை.

இவ்வளவு உயரம் எப்படி? கணக்கு எளிது. தண்ணீரைப் பத்து மீட்டர் உயர்த்த, ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம், அதாவது நம்மைச் சுற்றியுள்ள காற்று அழுத்தும் அளவு, வேண்டும். இங்கே பம்புகள் தருவது அதைப்போல் சுமார் 16 மடங்கு. குழாய்முனையை விட்டு நீர் மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. காற்றே இல்லாவிட்டால் 157 மீட்டர் வரை போயிருக்கும். மீதியைக் காற்று தின்றுவிடுகிறது.

அழுத்தம் மட்டும் போதாது, பருமனும் வேண்டும். மெல்லிய பீச்சல் சீக்கிரமே துளிகளாகச் சிதறும். துளி சிறுத்தால், அதன் எடையோடு ஒப்பிடுகையில் காற்று உரசும் பரப்பு கூடும், வேகம் அடங்கிவிடும். எனவேதான் சுமார் பத்து சென்டிமீட்டர் அகலத் துளை வழியாக வினாடிக்கு 500 லிட்டர் பாய்கிறது. எந்த நொடியில் பார்த்தாலும் ஏறக்குறைய ஏழு டன் தண்ணீர் அந்தரத்தில் இருக்கிறது! அந்தப் பால்வெண்மையும் சாயமல்ல. நீரோடு கலந்த கோடிக்கணக்கான காற்றுக்குமிழிகள் எல்லா நிறத்தையும் சமமாகச் சிதறடிக்கின்றன.

ஏறும்போது இருந்த வேகம் இறங்கும்போது இருப்பதில்லை. எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தாலும், பெரிய மழைத்துளிகூட மணிக்குச் சுமார் 30 கிலோமீட்டரைத் தாண்டாது. காற்றின் தடை அதற்குமேல் விடாது. ஒரு துளி ஏறி இறங்கச் சுமார் 16 வினாடி ஆவதற்கு இந்த நிதானமான இறக்கமே காரணம். அத்தனை நேரமும் அது காற்றின் கையில். பலத்த காற்று கரைப்பக்கம் திரும்பினால், துளிகள் நடைபாதையில் போவோர்மீது கொட்டும். அப்போது பம்புகளை நிறுத்திவிடுகிறார்கள்.